மேட் இருக்கிறது என்று செஸ் இன்ஜின் சொன்ன பிறகு: கேள்வி பதில்

கேள்வி: சார், நான் வெள்ளை. எதிராளியின் ராஜா ஜி8, யானை டி8, சிப்பாய்கள் ஜி7, எச்7. பக்கத்தில் அவருக்கு வேறு காய் இல்லை. என் குதிரை ஜி5-இல், ராணி சி4-க்கு வரலாம். ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜின் (ஆட்டத்தைக் கணக்கிடும் கணினி நிரல்) ஐந்து நகர்த்தலில் மேட் (ராஜா தப்ப முடியாத செக்) என்கிறது, ஆனால் நாலாவது நகர்த்தலில் ராணியைச் சும்மா கொடுக்கச் சொல்கிறதே?

பதில்: சும்மா இல்லை, ராஜாவின் கடைசி வாசலை எதிராளியின் யானையை வைத்தே அடைக்கத்தான் அந்த ராணி. பலகையில் வைத்துப் பாருங்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து செங்குத்து வரிசை, எண் கிடை வரிசை). ராணி சி4 செக். ராஜா எஃப்8 போனால் ராணி எஃப்7-இல் இறங்கி உடனே மேட், ஜி5 குதிரை காவல் இருக்கிறது. அதனால் எச்8. குதிரை எஃப்7 செக், ராஜா திரும்ப ஜி8. அடுத்து குதிரை எச்6, இதுதான் அழகு: ராணியும் குதிரையும் ஒரே நேரத்தில் செக் கொடுப்பதால் ஜி7 சிப்பாயால் குதிரையை வெட்ட முடியாது, ராணியின் செக் அப்படியே நிற்கும்; ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். எஃப்8 போனால் மறுபடி எஃப்7-இல் மேட், ஆகவே எச்8. இப்போது ராணி ஜி8 செக். குதிரை காவலில் இருப்பதால் ராஜாவால் வெட்ட முடியாது, யானைதான் வெட்ட வேண்டும். வெட்டியதும் ராஜாவைச் சுற்றி மூன்று கட்டத்திலும் அவர் காய்களே நிற்கின்றன. குதிரை எஃப்7, மேட்.

கேள்வி: முதல் செக்குக்கு யானையை டி5-இல் குறுக்கே வைத்தால்?

பதில்: நல்ல கேள்வி, இப்படித்தான் தேட வேண்டும். ராணி அதை வெட்டி மறுபடி செக், ராஜா எச்8, அப்புறம் ராணி டி8-இல் மேட். மூன்றிலேயே முடிந்துவிடும். இன்ஜின் காட்டுவது தோற்பவர் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும் லைனை (நகர்த்தல் வரிசையை) மட்டும்தான், அதனால் மற்ற தடுப்புகள் திரையில் வராது. நீங்கள் கறுப்புப் பக்கம் உட்கார்ந்து, தோன்றும் ஒவ்வொரு தடுப்பையும் ஆடிப் பாருங்கள். லைனை மனப்பாடம் செய்வதைவிட இது பத்து மடங்கு மேல்.

கேள்வி: இன்னொரு நிலையில் இன்ஜின் முதலில் 14-இல் மேட் என்றது, கொஞ்ச நேரத்தில் 11 என்கிறது. எது சரி?

பதில்: இரண்டுமே. முதலில் கிடைத்தது ஒரு மேட், அது மிகக் குறுகியதாக இருக்க வேண்டியதில்லை. ஆழம் (எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்க்கிறது என்பது) கூடக்கூட எண் குறையலாம், கொஞ்சம் ஓட விடுங்கள்.

கேள்வி: கடைசிவரை கணக்கிட்டு முடித்த நிலைகள் உண்டா?

பதில்: உண்டு, ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை. 2012-இல் முடிந்த லோமோனோசோவ் டேபிள்பேஸில் (இப்படிக் கணக்கிட்டு முடித்த நிலைகளின் தொகுப்பில்) 549 நகர்த்தலில் மேட் ஆகும் ஒரு நிலைகூட இருக்கிறது.

கேள்வி: ஒரே நகர்த்தலில் மேட், அதையே பார்க்காமல் விட்டேன். எனக்கு இந்த ஆட்டம் வராதோ?

பதில்: 2006-இல் பான் நகரில் உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் கணினிக்கு எதிராக ராணி எச்7 மேட்டைக் கவனிக்காமல் தோற்றார். எஃப்8-இல் நின்ற வெள்ளைக் குதிரைதான் எச்7-ஐக் காவல் காத்தது. அவ்வளவு உள்ளே போய் நிற்கும் குதிரை கண்ணில் படுவது கடினம். நீங்கள் விட்ட நிலையிலும் எந்தக் காய் அந்தக் கட்டத்தைக் காத்தது என்று பாருங்கள், அந்த ஆட்டத்தை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.