கணினித் தலைமுறைகளை மனப்பாடம் செய்யாமல் நினைவில் வைப்பது எப்படி?

கணினி வளர்ந்த கட்டங்களைத்தான் தலைமுறை என்கிறார்கள். படிவம் நான்கில் நானும் உருப்போட்டு எழுதி, மறுவாரமே மறந்தவன்தான். எனக்கு இது பிடிபட்டது தாத்தா சொன்ன ரேடியோ கதையால்.

மலேசியாவில் நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டத்தில், பெரிய கிராணி (தோட்டத்துத் தலைமை எழுத்தர்) வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்ததாம். குமிழைத் திருகினால் உடனே பாடாது. உள்ளே வால்வு எனும் கண்ணாடிக் குழாய்கள் சூடேறி, செக்கச் சிவந்து, அப்புறம்தான் குரல் வரும். இதே மாதிரி வால்வுகள் ஏறக்குறைய 18,000 சேர்ந்ததுதான் 1946இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினி. எடை 30 டன். இது முதல் தலைமுறை.

1947 கடைசியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வு செய்த, மின்சாரத்தைத் திறந்து மூடும் அதே வேலைதான், ஆனால் சூடேற்ற இழை தேவையில்லை, கொஞ்சம் மின்சாரமே போதும். லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) மின்சாரமே இல்லாத காலத்தில் தாத்தா பேட்டரி போட்டு வாசலில் ரேடியோ கேட்டது இதனால்தான். கணினியும் சிறுத்தது, சூடு தணிந்தது. இரண்டாம் தலைமுறை.

பல டிரான்சிஸ்டர்களை ஒரே துண்டில், அதாவது ஒரு சில்லில், சேர்க்க 1958-59இல் அமெரிக்கர்களான கில்பியும் நோய்ஸும் வழி கண்டார்கள், அது மூன்றாவது. 1971இல் இன்டெல் 4004 வந்தது. 2,300 டிரான்சிஸ்டர்கள், கணக்குப் போடும் மூளை முழுவதும் ஒரே சில்லில். அது நான்காவது.

மறு ஆண்டே இன்டெல் பினாங்கில் ஆலை திறந்தது. பிறகு பாயான் லெப்பாஸில் இன்னும் பல ஆலைகள். தோட்டத்துப் பெண்கள் ஆலை பஸ் ஏறினார்கள், என் அத்தையும்தான். 1985இல் பினாங்குத் தீவுக்குப் பாலம் திறக்கும்வரை பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி பிடிக்க வேண்டும். நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஓரத்தில் ஒட்டும் வேலை. 'பாண்டிங்' என்பார். முந்தின வருடம்வரை பால்மரம் வெட்டிய கை அது.

ஐந்தாவது என்று செயற்கை நுண்ணறிவைப் போடுகிறார்கள். 1982இல் ஜப்பான் தொடங்கிய திட்டத்தால் நிலைத்த பெயர். எனக்கு இதில் உடன்பாடில்லை. முதல் நான்கும் சுவிட்சு எதனால் ஆனது, எத்தனை என்ற கணக்கு. இது கணினி என்ன செய்கிறது என்ற கணக்கு. சரி, பரீட்சையில் எழுதிவிடுங்கள், மார்க்கோடு சண்டை வேண்டாம்.

போன தீபாவளிக்கு அத்தையிடம் என் கைப்பேசியைக் காட்டி, இதன் சில்லில் ஆயிரம் கோடிக்கு மேல் டிரான்சிஸ்டர் இருக்கிறது என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "அம்புட்டுக்கும் பாண்டிங் யாருடா போட்டா?"