சோறு போடுமா ஓவியம்?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன். ஓவியக் கல்லூரியில் சேர ஆசை. "படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?" என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அப்பாவின் கவலை நியாயமானதுதான் அம்மா. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கும் தன் மாணவர்களைப் பற்றி இதே கவலை இருந்தது. அதனால் அவரும் மாணவர்களும் மெழுகும் சாயமும் போட்ட பாத்திக் துணிகளைச் செய்து விற்றார்கள். அப்படிச் சேர்த்த காசில் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். துணி விற்ற பணம் கைகொடுத்ததால் விருப்பப்படி வரைய முடிந்தது.

என் அப்பாவும் முறைத்தவர்தான். நான் வரைந்த முதல் அட்டைப்படத்துக்கு வந்த மணியார்டர் பணத்தை அவர் கையில் கொடுத்தேன். கூப்பன் துண்டை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைச் சோழமண்டலத்துக்கு அழைத்துப் போங்கள். அப்புறம் பேசுங்கள்.