ரேஸ் கோர்ஸ் மூடினால் என்ன நஷ்டம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனில் மூடப்பட்ட குதிரைப் பந்தயத் திடல்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் வடக்கு லண்டனில் வசிக்கிறேன், அலெக்சாண்ட்ரா பார்க்கில்தான் நடைப்பயிற்சி. அங்கே ரேஸ் நடந்த விஷயமே நீங்கள் எழுதித்தான் தெரியும். ஆனால் எத்தனையோ குடும்பங்களை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்த சூதாட்டம் அல்லவா அது? பெட்டிங் கடைகள் வந்தன, கூட்டம் குறைந்தது, திடல்கள் தாமாகவே அழிந்தன. அந்த இடத்தில் வீடும் பூங்காவும் வந்ததற்கு ஏன் வருத்தப்பட வேண்டும்?

ஒரு வாசகர், லண்டன்

*

அன்புள்ள நண்பருக்கு,

சூதாட்டத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் திடலை மூடியதால் சூது ஒழிந்ததா? 1961 மே மாதம் பெட்டிங் கடைகள் சட்டப்படி திறந்தன. அதற்குப் பிறகு குதிரையின் வாலைக்கூடப் பார்க்காமல் தெருமுனையில் பணம் கட்ட முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் ஹர்ஸ்ட் பார்க், மான்செஸ்டர், லிங்கன், பர்மிங்ஹாம் என்று வரிசையாகத் திடல்கள் போயின. சூது அப்படியே இருக்க, குதிரை ஓடுவதை நேரில் போய்ப் பார்க்கும் வழிதான் அடைபட்டது. என் வருத்தம் அதுதான்.

தாமாகவே அழிந்தன என்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள முடியாது. பெட் பணத்தில் ஒரு பங்கை வாங்கி ரேஸுக்குத் திருப்பிக் கொடுக்க அதே 1961இல் லெவி போர்டு வந்தது. எந்தத் திடலுக்குப் பணம், எதற்கு இல்லை என்று அந்த போர்டு தீர்மானித்தது, இல்லை என்று கைவிரிக்கப்பட்டவற்றில் லிங்கனும் ஒன்று. 1964இல் அங்கே ரேஸ் நின்றது, மறு ஆண்டு அங்கே நடந்துவந்த லிங்கன் ஹேண்டிகேப் என்ற பந்தயம் டான்காஸ்டர் திடலுக்குப் போய்விட்டது. பெயரில் மட்டும் இன்னும் லிங்கன்! அங்கிருந்த பார்வையாளர் மாடம் இன்றும் சாலையோரம் நிற்கிறது. நகரத்தை ஒட்டிய திடல்களுக்கோ வேறு வினை, நிலத்தின் விலை. பர்மிங்ஹாமின் ப்ரோம்ஃபோர்ட் பிரிட்ஜில் 1965 ஜூனில் கடைசி ரேஸ் ஓடியது, அப்புறம் முழுக்கக் குடியிருப்பு.

ஹர்ஸ்ட் பார்க்கின் கதை என்னை ரொம்பவே பாதித்தது. தேம்ஸ் கரையில் 1890இல் தொடங்கிய திடல். எப்சம் டெர்பி பந்தயத்தில் மன்னரின் குதிரைக்குக் குறுக்கே போய் அடிபட்ட எமிலி டேவிசன் இறந்த அதே 1913 ஜூனில், அவரைப் போலவே பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள் இந்தத் திடலின் மாடத்துக்குத் தீ வைத்தார்கள். அதையும் தாண்டி நின்ற இடம் 1962இல் வீடு கட்டுபவர்கள் கைக்குப் போயிற்று. ஒரு மாடத்தைக் கழற்றி மான்ஸ்ஃபீல்ட் டவுன் கால்பந்து அணி எடுத்துக்கொண்டது. தரையில் இருந்த புல்லைக்கூட மண்ணோடு பெயர்த்து அஸ்காட் திடலுக்குக் கொண்டுபோனார்கள், 1965இல் அங்கே தொடங்கிய தடைதாண்டும் பந்தயப் பாதைக்காக. மன்னர் குடும்பம் வரும் அஸ்காட் நன்றாக இருக்கிறது. வேலை முடித்து ரயிலேறி வந்துபோன சாதாரண லண்டன்காரனின் திடல்தான் இல்லாமல் போனது.

உங்கள் அலெக்சாண்ட்ரா பார்க்கும் அந்தச் சாதாரணக்காரனின் இடம்தான். 1868 முதல் 1970 செப்டம்பர் வரை ரேஸ் நடந்தது. பாதையின் வடிவத்தைப் பார்த்து அதை வாணலி என்றார்கள். நீளமான கைப்பிடிபோல ஒரு நேர்ப்பாதை, அதன் முனையில் ஒரு வட்டம். நீண்ட பந்தயங்களில் குதிரைகள் மாடத்தின் முன்னாலேயே கிளம்பி, முதுகைக் காட்டிக்கொண்டு தூரமாக ஓடி, வட்டத்தைச் சுற்றி, போன வழியே திரும்பி வரும். வளைவுகள் மிகவும் குறுகல், ஜாக்கிகளுக்குப் பெரிய சோதனை. டிவி வர்ணனையாளர் ஜான் மெக்ரிரிக் தன் சாம்பலை அங்கேதான் தூவ வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார், அவ்வளவு பற்று. அடுத்த முறை நடக்கும்போது கீழே கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றிப் பாருங்கள், அந்த வட்டம் போன இடம் அது.

பூங்கா வந்ததில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் மூடியது மூடியதுதான் என்று விட்டுவிட வேண்டாம். ஹெரிஃபோர்டையும் ஃபோக்ஸ்டோனையும் 2012 டிசம்பரில் ஒன்றாகத்தான் மூடினார்கள். ஹெரிஃபோர்ட் நிலம் உள்ளூர் கவுன்சிலுடையது, அதில் வீடு முளைக்கவில்லை, 2016 அக்டோபரில் மறுபடி குதிரைகள் ஓடின. ஃபோக்ஸ்டோன் திடலோ ஒரு புதுநகரத் திட்டத்துக்குள் போய்விட்டது.