குதிரையின் முழங்காலுக்குக் கீழே ஆறாத புண்: மயில்துத்தம் வைக்கலாமா?

வைக்காதீர்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) புண்ணில் துருத்தி நிற்கும் சதையை மட்டும் எரிக்காது. ஓரத்தில் புதிதாக வளரும் தோலையும் சேர்த்துக் கருக்கிவிடும். கால்நடை மருத்துவர் அந்தச் சதையைத் தோல் மட்டத்துக்குச் சீவி எடுத்து, அழுத்திக் கட்டுப் போடுவதுதான் வழி. அந்தச் சதையில் நரம்பு கிடையாது, குதிரைக்குப் பெரிதாக வலிக்காது. ஆனால் ரத்தம் கொட்டும், அதனால் நீங்களே பிளேடு எடுக்க வேண்டாம்.

கம்பி கிழித்து ஆறு வாரம் ஆகியும் மூடவில்லை என்கிறீர்கள். அந்த இடத்தில் எலும்பை ஒட்டித் தோல் இறுக்கமாக இருக்கும். நடக்க நடக்கப் புண் இழுபடும். சதை மேடாகிவிட்டால் தோல் அதன்மேல் ஏறாது. அதையும் தாண்டி, உள்ளே செத்த எலும்புச் சில்லு இருக்கலாம் என்பது என் சந்தேகம். கம்பிக் காயத்தில் இது சகஜம்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்புக் கரைத்துக் கழுவிப் பாருங்கள். சிறு துளையிலிருந்து சீழ் திரும்பத் திரும்ப வந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். சில்லை எடுக்காமல் எந்த மருந்தும் பலிக்காது. புண்ணிலிருந்து மஞ்சள் குருணை போல உதிர்ந்தால் அது ஈ கொண்டுவரும் புழுவின் வேலையாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு.

மூட்டருகே பிசுபிசுப்பான நீர் வடிந்தாலோ, நொண்டினாலோ இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா? குதிரைக்கு அந்த ஆபத்து மாட்டைவிட மிக அதிகம்.