எந்தத் தவறுக்கு இந்தத் தண்டனை?

கேள்வி: எனக்கு வயது 29. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கல்லூரி நாளிலிருந்து சுய இன்பப் பழக்கம் உண்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. விட நினைத்தும் முடியவில்லை. உடம்பில் சோர்வு, இடுப்பு வலி, மறதி. மாதம் ஒருமுறை எங்கள் ஊர் லாட்ஜுக்கு வரும் வைத்தியர், 'தாது நீர்த்துவிட்டது, நரம்பு தளர்ந்துவிட்டது' என்று லேகியமும் சூரணமும் கொடுக்கிறார். இதுவரை 46,000 ரூபாய் ஆகிவிட்டது. 17-ம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். பெண் நல்ல குடும்பத்தில் பிறந்தவள், இதெல்லாம் அறியாதவள். உண்மையைச் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிடட்டுமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: கல்யாணத்தை நிறுத்தாதீர்கள். லேகியத்தை நிறுத்துங்கள்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இரண்டு முறை படித்தேன். காலையில் விறைப்பு வருகிறது, ஆசை வருகிறது, விந்து வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆண்மை போய்விட்டது என்று எதை வைத்து முடிவு கட்டினீர்கள்? லாட்ஜ் அறையில் ஒருவர் நாடி பிடித்துச் சொன்னதை வைத்து.

நூறு சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து என்று அவர் சொன்னாராம். கணக்குப் போடுங்கள். ஒருமுறை வெளியேறும் விந்து சுமார் 3 மில்லி. அவர் சொல்வது உண்மையானால் ஒவ்வொரு தடவையும் 300 மில்லி ரத்தம் போயிருக்க வேண்டும். ரத்த தான முகாமில் ஒருவரிடம் எடுப்பதே 350 மில்லிதான். மனித உடம்பில் இருக்கும் ரத்தம் ஏறக்குறைய ஐந்து லிட்டர். வாரம் மூன்று தடவை என்று வைத்தால் இரண்டு மாதம்கூடத் தாங்கியிருக்க மாட்டீர்கள். பத்து வருடமாக வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறீர்கள்.

விந்தின் பெரும்பகுதி விந்துப் பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீர். விதைப்பையிலிருந்து வரும் உயிரணுக்களின் பங்கு நூற்றில் ஐந்துகூட இராது. அதனால்தான் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட ஆணுக்கும் விந்தின் அளவு அநேகமாக அப்படியே இருக்கிறது. உயிரணுக்களோ நொடிக்கு ஆயிரத்துக்கு மேல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. சேர்த்துவைக்கப் பார்த்தாலும் உடம்பு விடாது. தூக்கத்தில் வெளியேற்றும், இல்லையென்றால் தானே உறிஞ்சிக்கொள்ளும். தீர்ந்துபோகிற சொத்து இல்லை அது.

அப்படியானால் சோர்வும் மறதியும் எங்கிருந்து வந்தன? பயத்திலிருந்து. மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-ல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: தாத் சிண்ட்ரோம். நம் 'தாது'தான் அந்த 'தாத்'. விந்து போகிறதே என்று கவலைப்பட்டுப் பட்டு, களைப்பு, உடம்பு வலி, தூக்கமின்மை, குற்ற உணர்வு என்று வந்து நிற்கும் இளைஞர்களைப் பார்த்து அவர் எழுதியது. அதைப் படித்தால் உங்கள் கடிதத்தையே படிப்பது போல இருக்கிறது.

இந்தப் பயம் நம் மண்ணில் மட்டும் விளைந்ததும் அல்ல. 1710-களில் லண்டனில் பெயர் போடாத ஒருவர், சுய இன்பம் ஆளையே அழித்துவிடும் என்று ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதற்கான மருந்தும் அந்த நூலோடு சேர்ந்தே விற்பனைக்கு வந்தது. பிறகு 1760-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் திஸ்ஸோ அதற்கு மருத்துவ அங்கீகாரம் கொடுத்தார். ஐரோப்பா ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நடுங்கியது. அங்கே மருத்துவம் இதை எப்போதோ கைவிட்டுவிட்டது. நம் பஸ் ஸ்டாண்டு சுவர்களிலோ 'இளமையில் செய்த தவறு' என்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தவறு? யாருக்கு என்ன தீங்கு செய்தீர்கள்? ஆண்மைக் குறைவுக்கு மருந்து, இன்பத்தைக் கூட்ட மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குற்றம் நடந்திருக்கிறது என்றால், சுவரொட்டி ஒட்டியவர் செய்தது அது.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. பாளையங்கோட்டை அரசுக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவர் லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்க வேண்டியதில்லை.

அடுத்து, உங்கள் கடிதத்தில் என்னைச் சங்கடப்படுத்திய வரி: 'நல்ல குடும்பத்தில் பிறந்தவள், இதெல்லாம் அறியாதவள்.' உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டீர்களா? அமெரிக்காவில் கின்சி நடத்திய ஆய்வில், சுய இன்பம் அனுபவித்ததாகச் சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 92 பேர். அது 1948. ஐந்து வருடம் கழித்து வந்த பெண்களைப் பற்றிய நூலில் 62 பேர். நம் ஊர்க் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் பெண்ணின் உடம்பும் உணர்ச்சியுள்ள உடம்புதான். உங்களுக்கு லேகியம் விற்ற அதே அறியாமைதான் அவளை வாய் திறக்கவிடாமல் வைத்திருக்கிறது. தனக்கு எது சுகம் என்று தன் கையால் அறிந்துகொண்ட பெண், அதைக் கணவனிடம் சொல்ல முடியும். ஒருபோதும் உச்சம் அடையாத பெண்களுக்குப் பாலியல் மருத்துவர்கள் சொல்லித்தரும் பயிற்சியில் சுய இன்பமும் ஒன்று. அவளை 'அறியாதவள்' என்று பீடத்தில் ஏற்றி வைத்துவிட்டு, உங்களைப் பாவியாக்கிக்கொள்ளாதீர்கள். இரண்டுமே அவளுக்கு அநியாயம்.

கல்யாணத்துக்குப் பிறகும் இது தொடரலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். தொடரலாம், இருவருக்குமே. ஒருவர் ஊரில் இல்லாத நாள், உடம்புக்கு முடியாத நாள், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் என்று எத்தனையோ உண்டு. மனைவியை ஒதுக்கிவிட்டு அதிலேயே ஒளிந்துகொண்டால், வேலையையும் தூக்கத்தையும் அது தின்றால், அப்போது மருத்துவரிடம் பேச வேண்டும். 'இது தப்பு' என்ற மன உறுத்தல் மட்டும் நோய் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலே, கட்டுப்படாத பாலியல் நடத்தை பற்றிச் சொல்லுமிடத்தில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது.

பெண்ணிடம் ஒப்புதல் வாக்குமூலம் எதுவும் தேவையில்லை. ஒப்புக்கொள்ளக் குற்றம் ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியது இரண்டு. அந்த லேகியத்தில் என்ன கலந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. மிச்சமிருக்கும் டப்பாவை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். இடுப்பு வலியையும் அவரிடமே காட்டுங்கள், பைக்கில் தினம் 40 கிலோமீட்டர் போவதாக எழுதியிருக்கிறீர்களே. படபடப்பும் தூக்கமின்மையும் குறையாவிட்டால், அங்கேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

17-ம் தேதி லாட்ஜுக்குப் போகாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குப் போன் செய்யுங்கள். நிச்சயத்துக்குப் பிறகு அவளோடு ஒரு தடவைகூடப் பேசவில்லை என்று நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.