எஞ்சினில் மூன்று சென்சாரின் பழுதுக் கோடும் (code) ஒன்றாக வந்தால்

இனி புது சென்சார் வாங்காதீர்கள். ஆயில் பிரஷர், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), ரயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் எரிபொருளின் அழுத்தம்) மூன்று கோடும் சேர்ந்தே வருகிறது, ஒன்றை மாற்றியும் போகவில்லை என்கிறீர்கள். மூன்றும் ஒரே நாளில் சாகாது. அவற்றுக்குப் பொதுவாகப் போகும் 5 வோல்ட் லைன் எங்கோ பாடியில் படுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஒரு சென்சார் பிளக்கைக் கழற்றி, வயர் பக்கப் பிளக்கின் 5 வோல்ட் முனையில் மீட்டர் வையுங்கள். 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 1, 2 என்று நின்றால் மற்ற பிளக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5-க்கு ஏறுகிறதோ, அந்தச் சென்சார்தான் ஷார்ட்.

எல்லாம் கழற்றியும் ஏறவில்லையா? அப்புறம் வயரிங்தான் பார்க்க வேண்டும். காட்பாடி பக்கம் குவாரியில் ஓடிய ஒரு வண்டியில், டர்போவுக்குக் கீழே வயரைப் பிடிக்கும் கிளாம்ப் உரசி, நகக்கண் அளவு செம்பு தெரிந்தது. அதன்மேலேயே பெயின்ட் அடித்து விற்றிருந்தார்கள்! வேலூர் வெயிலில் மதியம் மட்டும் கோடு வருகிறதென்றால், சூடு ஆறுமுன் சோதியுங்கள்.

சில எஞ்சினில் 5 வோல்ட் லைன் இரண்டு இருக்கும். உங்கள் மாடலின் சர்க்யூட் படம் அவசியம். இன்ஜெக்டர் வயரில் மீட்டர் வைக்கவே வைக்காதீர்கள், அங்கே வோல்ட் அதிகம்.