பீகிளின் மூக்கு சொல்வதும் வீடு கேட்பதும்: கேள்வி பதில்

கன்னங்குறிச்சியில் 16 ஆண்டுகளாகப் பீகிள் வளர்த்து வருகிறேன். இப்போது வீட்டில் இருப்பது மூன்றாவது நாய். சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்தில் கண்டவற்றைக் கொண்டு பதில் சொல்கிறேன்.

கேள்வி (அம்மாப்பேட்டை): ஐயா, எங்கள் ஐந்து மாதக் குட்டி வீட்டுக்குள் பெயர் சொன்னதும் ஓடி வருகிறது. தெருவில் இறங்கிவிட்டால் எவ்வளவு கத்தினாலும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இது அடம் பிடிக்கும் இனமா?

அடம் என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டமாக ஓடவிட வளர்த்தெடுக்கப்பட்ட இனம் இது. வேட்டைக்காரர் பின்தங்கி வர, தான் முன்னே ஓடி, தரையில் கிடக்கும் வாசனையை வைத்து எந்தப் பக்கம் போவது என்று தானே முடிவெடுப்பதுதான் இதன் வேலையாக இருந்தது. மூக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்ட பிறகு உங்கள் குரல் அதற்கு இரண்டாம் பட்சம்தான்.

அதற்காகப் பழக்க முடியாத நாய் என்று நினைத்துவிட வேண்டாம். விமானப் பயணிகளின் பெட்டிகளில் பழமோ இறைச்சியோ இருந்தால் கண்டுபிடிப்பதற்கு அமெரிக்க வேளாண் துறை 1984இல் பீகிள்களையே தேர்ந்தெடுத்தது. வாசனை தட்டியதும் குரைக்காமல், பாயாமல், பெட்டியின் அருகே அமைதியாக உட்கார அவற்றுக்குத் தின்பண்டம் கொடுத்தே கற்பித்தார்கள். தீனிக்காக இந்த நாய் எதையும் செய்யும். நம் கையிலிருக்கும் பிடி அது ஒன்றுதான்.

10 மீட்டர் நீளமுள்ள கயிற்றை ஹார்னஸில் (கழுத்துக்குப் பதிலாக மார்பைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டை) கட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் குட்டியை மேய விடுங்கள். அது தானாகத் தலை தூக்கும் நொடியில், ஒரே ஒரு முறை, "வா" என்று அழையுங்கள். வந்ததும் வேகவைத்த முட்டையில் ஒரு துணுக்கைக் கொடுத்து, உடனே மீண்டும் மோப்பம் பிடிக்க அனுப்பிவிடுங்கள். இப்படித் திரும்ப அனுப்புவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அழைத்தால் வீட்டுக்கு இழுத்துப் போய்விடுவார்கள் என்று ஒருமுறை புரிந்துகொண்ட பீகிள், அடுத்த முறை அந்தச் சொல்லுக்குக் காது கொடுக்காது.

என் முதல் நாயை, எட்டு மாதத்தில் நன்றாகப் பழகிவிட்டது என்று நம்பி, மூக்கனேரிக் கரையில் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். (பீகிள் வளர்ப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயருடைய ஏரி கிடைக்காது.) கீரி ஒன்று போன தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிய நாயை, மூன்று மணி நேரம் கழித்து, ஓர் இட்லிக் கடை வாசலில்தான் கண்டேன். அன்றிலிருந்து வேலி இல்லாத இடத்தில் எந்த நாயையும் நான் அவிழ்த்து விடுவதில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

கேள்வி (சூரமங்கலம்): இரண்டு மாதக் குட்டி. நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. கூடமெங்கும் சிறுநீர் கழித்துவிடுகிறது. மூக்கை அதில் தேய்த்தால் திருந்தும் என்கிறார்கள், உண்மையா?

தேய்க்கக் கூடாது. செய்ததற்கும் தண்டனைக்கும் உள்ள தொடர்பு அதற்கு விளங்காது. உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போய்ச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், இவை தவிரப் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஒரே இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். தடுப்பூசிகள் முடியும் வரை தெரு வேண்டாம். மொட்டைமாடியின் ஒரு மூலையில் மண் நிரப்பிய தட்டு போதும். வீட்டுக்குள் நனைந்த இடத்தை வினிகர் கலந்த நீரால் துடையுங்கள். பழைய வாசனை கொஞ்சம் மிஞ்சினாலும் அந்த மூக்குக்கு அது முகவரி எழுதி வைத்தது போலத்தான்.

கேள்வி (ஐந்து ரோடு): மேசையில் வைத்திருந்த தட்டுவடை செட்டை ஒன்றுவிடாமல் தின்றுவிட்டது. பிடுங்கப் போனால் உறுமுகிறது.

முதலில் தின்றதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செட்டில் தட்டுவடைகளுக்கு நடுவே வைக்கும் வெங்காயமும் சட்னியில் இருக்கும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. அளவு அதிகமாகிவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே நல்லது. மாம்பழக் காலத்தில் கொட்டையின் மீதும் கண் வையுங்கள். விழுங்கிவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

உறுமும் நாயின் வாயிலிருந்து பிடுங்கினால், அடுத்த முறை அது உறுமாமல் நேராகக் கடிக்கக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பதிலாகப் பண்டமாற்று செய்யுங்கள். வாயில் பழைய செருப்பு இருக்கிறது என்றால், அதைவிட மணமான கோழிக்கறித் துண்டை மூக்கருகே காட்டி, செருப்பு கீழே விழும் நொடியில் "விடு" என்று சொல்லிக் கறியைக் கொடுங்கள். ஆபத்தில்லாத பொருளாக இருந்தால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் "விடு" என்பது இழப்பைக் குறிக்கும் சொல்லாக இராது. இப்படிக் கொடுப்பதையெல்லாம் அன்றாடத் தீனியிலிருந்து கழித்துவிட வேண்டும். பீகிள் 9 முதல் 13 கிலோவுக்குள் இருக்க வேண்டிய நாய். தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

கேள்வி (ஏற்காடு): காபித் தோட்டத்தில் குடியிருக்கிறோம். நாயைத் தோட்டத்தில் சுற்ற விடலாமா? சேலத்துக்குக் காரில் இறங்கும்போதெல்லாம் வாந்தி எடுக்கிறதே?

கயிற்றில் கட்டி மட்டுமே அழைத்துச் செல்லுங்கள். காபிப் பழத்திலும் கொட்டையிலும் இருக்கும் காஃபீன் நாய்க்கு நஞ்சு. உலர்த்தும் களத்தின் பக்கமே விட வேண்டாம். காட்டெருமை வந்துபோகும் மலை என்பதால், தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் நாய் எதன் முன்னால் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. சுற்றி வந்ததும் காதுமடல், விரலிடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கார்ப் பயணத்துக்கு முன் மூன்று மணி நேரம் தீனி வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே நாளில் பழக்க நினைக்காமல், முதலில் இரண்டு மூன்று வளைவு வரை போய்த் திரும்புங்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): நாங்கள் வேலைக்குப் போனதும் ஊளையிடுகிறது என்று பக்கத்து வீட்டினர் சண்டைக்கு வருகிறார்கள்.

கூட்டமாக வாழ்ந்த இனத்துக்குத் தனிமை எளிதில் பழகாது. வாசல் வரை போய் அரை நிமிடத்தில் திரும்புவதில் தொடங்கி, நேரத்தை மெல்ல நீட்டுங்கள். கிளம்பும்போது கொஞ்சி விடைபெற வேண்டாம். அதைவிட முக்கியம், கிளம்பும் முன் மூக்குக்கு வேலை கொடுப்பது. எங்கள் வீட்டில் நார் நீக்கிய மூன்று கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, ஒன்றனடியில் மட்டும் தீனி வைப்போம். நாய் மூன்றையும் முகர்ந்து, சரியானதை மூக்கால் தள்ளிப் புரட்டும். இப்படிக் கால் மணி நேரம் தேடினால் தானாகவே போய்ப் படுத்துக்கொள்கிறது. உங்கள் பேச்சைக் கேட்கும் பழக்கமும் இந்த விளையாட்டில்தான் வளரும், ஏனெனில் "தேடு" என்று நீங்கள் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

கேள்வி (குகை): ஆறு மாதமாகியும் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

வீட்டில் யார் என்ன சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கவனியுங்கள். அப்பா "உட்கார்" என்பார், பாட்டி "உக்காரு சாமி" என்பார், பிள்ளைகள் "சிட்" என்பார்கள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள். பாட்டி மடியிலிருந்து முறுக்கு நழுவுவதும் அன்றோடு நிற்க வேண்டும்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): ஏப்ரல், மே வெயிலில் எப்போது நடக்கக் கூட்டிச் செல்வது?

காலை ஆறரைக்குள், அல்லது பொழுது சாய்ந்து தார் ஆறிய பிறகு. புறங்கையைச் சாலையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் ஆகாது. வீடு திரும்பியதும் தொங்கும் காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் மருந்துக் கடையில் சொட்டு மருந்து கேட்காமல் நேராகக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.